வாசகர் கேள்வி பதில்: சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் இருப்பது வியர்வையா?

கேள்வி: ஐயா, என் தாத்தா 1937ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி மலாயா வந்தவர். அவருடைய பழைய சீட்டு ஒன்று பாட்டியின் தகரப்பெட்டியில் கிடைத்தது; நகல் இணைத்திருக்கிறேன். அதில் 'போர்ட் சுவெட்டன்ஹாம்' என்ற முத்திரை இருக்கிறது. ஆங்கிலத்தில் 'சுவெட்' என்றால் வியர்வை என்றும், நம் மக்கள் சிந்திய வியர்வையால்தான் அந்தத் துறைமுகத்துக்கு அப்பெயர் வந்தது என்றும் ஒரு கூட்டத்தில் பேச்சாளர் சொன்னார். பாட்டியோ அதைச் 'சுவிட்டனம்' என்றுதான் சொல்வார். பேரப்பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திருத்துகிறார்கள். இந்தப் பெயரின் உண்மையான பொருள் என்ன? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: நீங்கள் அனுப்பிய நகலை மேசை விளக்கின் கீழ் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முத்திரையின் மை ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் மங்கியும் இருக்கிறது. பல ஆண்டுகள் மடித்தே வைத்திருந்ததால் விழுந்த மடிப்பு, ஊர்ப் பெயரின் நடுவே சரியாகச் சென்று 'சுவெட்டன்' என்பதை ஒரு பக்கமும் 'ஹாம்' என்பதை மறுபக்கமும் பிரித்துவிட்டது. இப்பெயரை ஆராய்பவர்கள் முதலில் வெட்டிப் பார்க்கும் இடமும் அதுதான்.

பேச்சாளர் சொன்னதில் உணர்வு உண்மை, சொற்பொருள் உண்மையன்று. இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் அந்தத் துறைமுகத்தில் நம்மவர் வியர்வை சிந்தியதை எவரும் மறுக்க இயலாது. ஆனால் இப்பெயர் அந்தத் துறைமுகம் தோன்றுவதற்கு ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் முன்பே இங்கிலாந்தில் எழுதப்பட்டுவிட்டது. துறைமுகத்துக்கு அது ஒரு மனிதரிடமிருந்து வந்தது. அந்த மனிதருக்கு ஒரு சிற்றூரிடமிருந்து வந்தது. அந்தச் சிற்றூருக்கோ அதற்கும் முற்பட்ட வேறொரு மனிதரிடமிருந்து வந்தது.

வடமேற்கு இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்தில், காங்கிள்டன் நகருக்கு அருகே, டேன் என்னும் ஆற்றை ஒட்டிய மேட்டுநிலத்தில் சுவெட்டன்ஹாம் என்ற சிற்றூர் இன்றும் இருக்கிறது. பேதுருவின் பெயரால் அமைந்த ஒரு பழைய தேவாலயமும், அதன் பின்புறம் ஊர்ப் பெயரையே தாங்கிய ஓர் உணவகமும், சில வீடுகளும் கொண்ட சிறிய ஊர். ஜாட்ரெல் பேங்க் வானொலித் தொலைநோக்கியை நிறுவிய வானியலாளர் பெர்னார்டு லவல் அங்கேதான் வாழ்ந்து, ஒரு மரத்தோட்டத்தையும் வளர்த்தார். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆவணங்களிலேயே ஊரின் பெயர் காணப்படுகிறது. பழைய ஆங்கிலத்தில் 'சுவேட்டா' என்பது ஓர் ஆளின் பெயர். அதனுடன் 'உடைய' என்னும் பொருள் தரும் 'அன்' விகுதி சேர்ந்து 'சுவேட்டன்' ஆயிற்று. அதையடுத்து வரும் 'ஹாம்' என்பது குடியிருப்பைக் குறிக்கும் சொல். வீட்டைக் குறிக்கும் இன்றைய ஆங்கிலச் சொல்லும் அந்த வேரிலிருந்து வந்ததே. ஆற்று வளைவில் அடைபட்ட நிலத்தைக் குறிக்கும் 'ஹம்' என்ற இன்னொரு சொல்லாகவும் அது இருக்கலாம் என்பர். இரண்டும் காலப்போக்கில் ஒரே எழுத்தாகிவிட்டமையால் பல ஊர்ப் பெயர்களில் பிரித்தறிய முடிவதில்லை. எப்படியாயினும் 'சுவேட்டாவின் இருப்பிடம்' என்பதே பொருள். இனிமையைக் குறிக்கும் 'சுவேட்டெ' என்ற சொல்லோடு அந்த ஆளின் பெயர் தொடர்புடையது. வியர்வையைக் குறிக்கும் சொல்லோ அக்காலத்தில் 'சுவாட்' என்று வேறாகவே ஒலித்தது. ஆகவே தமிழாக்கினால் 'இனியன் குடி' என்று வரும். பேச்சாளருக்கு இதைத் தெரிவியுங்கள். அவர் வருந்தமாட்டார் என்று நம்புகிறேன்.

உங்கள் பாட்டியைத் திருத்த வேண்டா. இங்கிலாந்தில் 'ஹாம்' என்று முடியும் ஊர்ப் பெயர்களில் அந்த 'ஹா' பெரும்பாலும் ஒலிப்பதில்லை. பர்மிங்ஹாமை அவர்கள் 'பர்மிங்கம்' என்றும் நாட்டிங்ஹாமை 'நாட்டிங்கம்' என்றுமே சொல்கிறார்கள். அவ்வழியே இதுவும் 'சுவெட்டனம்' என்றே ஒலிக்கும். எழுத்தைப் பார்த்துப் படித்த நாம் 'ஹாம்' என்கிறோம். துறைமுகத்தில் ஆங்கிலேயர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டவர்கள் காதால் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஒலிதான் உங்கள் வீட்டில் பாட்டியின் நாவில் இன்னும் இருக்கிறது. இங்கிலாந்திலேயே அந்த ஒலிக்கு ஏற்ப 'சுவெட்னம்' என்று எழுதும் குடும்பங்களும் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த வாள்வீச்சு ஆசிரியர் ஜோசப் சுவெட்னம் அவ்வாறு எழுதியவர்.

இனி, ஊர்ப் பெயர் எப்படி ஒரு குடும்பத்தின் பெயராயிற்று என்று பார்ப்போம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், நிலவுடைமையாளர்கள் தம் பெயருக்குப் பின்னால் 'இன்ன ஊரினர்' என்று சேர்த்து எழுதும் வழக்கம் பரவியது. அதன்பின் ஏறத்தாழ 300 ஆண்டுகளில் பொதுமக்களிடமும் அது இறங்கியது. ஜான் என்ற பெயரில் ஒரே ஊரில் பத்துப் பேர் இருந்தால், வரி வசூலிக்க வந்தவருக்கு எந்த ஜான் என்று தெரிய வேண்டுமல்லவா? ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவெட்டன்ஹாம் ஊருக்குள்ளேயே ஒருவரைச் 'சுவெட்டன்ஹாம்காரர்' என்று அழைப்பதில் பயனில்லை. அங்கே எல்லாரும் அவ்வூர்க்காரர்களே. ஊரை உடைமையாகக் கொண்டவருக்கு அப்பெயர் வாய்க்கும். இல்லையேல் ஊரை விட்டு வெளியேறியவருக்கு, போய்ச் சேர்ந்த இடத்தில் அது ஒட்டும். நம் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் 'பட்டுக்கோட்டையார்' என்றும் 'நாமக்கல்லார்' என்றும் அழைக்கப்பட்ட பெரியவர்கள் இருந்தார்கள். பட்டுக்கோட்டையில் அவரை எவரும் பட்டுக்கோட்டையார் என்று அழைத்திருக்க மாட்டார்கள். ஊரைப் பெயராகத் தாங்கியவர்களில் பலர் ஊரைப் பிரிந்தவர்கள் என்பதை நினைக்கும்போது, இந்த ஆங்கிலப் பெயரின் மீது எனக்கு ஒரு நெருக்கமே உண்டாகிறது.

சுவெட்டன்ஹாம் குடும்பம் இருவகைக்கும் சான்று. ஒரு கிளை அந்த ஊரின் பெருவீட்டிலேயே பல தலைமுறை இருந்தது. இன்னொரு கிளை அருகிலுள்ள சாமர்ஃபோர்டு பூத்ஸ் என்ற இடத்தில் குடியேறியது. 1612இல் அங்கே எட்மண்ட் என்பவருக்காகக் கட்டப்பட்ட மாளிகை இன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது அவர் குடும்பப் பெயரில் 'ட்' ஒன்றுதான். ஊரின் பெயரில் இரண்டு. இது பிழையன்று. 1538இல் அரசர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பாதிரியார் தம் காதில் விழுந்தபடி எழுதினார்; எழுதப்பட்டது நாளடைவில் பெயராயிற்று. இதைப் புரிந்துகொள்ள நமக்கு விளக்கமே தேவையில்லை. தோட்டத்து எழுத்தரான கிராணி எழுதியதுதானே நம் பெயர்கள்! இலட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத இந்நாட்டில் நடுவில் ஒரு 'டி'யும் 'சி'யும் 'எச்'சும் வருவதும், உடன்பிறந்த இருவரின் பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயர் இரு வகையாக இருப்பதும் அப்படி வந்தவையே.

இப்பெயர் அரிதானதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. கொல்லரைக் குறிக்கும் 'ஸ்மித்' என்ற பெயர் கொல்லுப்பட்டறை இருந்த ஊர்தோறும் தனித்தனியாகத் தோன்றியது. சுவெட்டன்ஹாம் என்ற ஊரோ ஒன்றே ஒன்று. ஒரு சில வீடுகளிலிருந்து கிளம்பிய பெயர், ஆண்வழியில் மட்டுமே இறங்குமானால், ஏதேனும் ஒரு தலைமுறையில் ஆண்பிள்ளை இல்லாவிட்டால் அந்தக் கிளையோடு நின்றுவிடும். 1348இல் இங்கிலாந்தில் நுழைந்த கொள்ளைநோய் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொண்டுபோனபோது, அப்போதுதான் வேர்விட்டுக்கொண்டிருந்த எத்தனையோ பெயர்கள் அழிந்திருக்கும். 1873இல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் இதையே ஒரு கணக்காக்கி, ஒரு கல்வி இதழின் வாசகர் பகுதியில் கேள்வியாக விடுத்தார்: ஒவ்வோர் ஆணுக்கும் இத்தனை ஆண்மக்கள் பிறக்கும் வாய்ப்பு இவ்வளவு என்று தெரிந்தால், சில தலைமுறைக்குப் பின் எத்தனை குடும்பப் பெயர்கள் மறைந்திருக்கும்? ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் அதற்கு விடை எழுதினார். அவருடைய முடிவில் பிழை இருந்தது, பின்னர் திருத்தப்பட்டது. ஆயினும் கால்டன்-வாட்சன் முறை என்று அவ்விருவர் பெயரால் வழங்கும் அந்தக் கணக்கு, இன்று அணுக்கருத் தொடர்வினை முதல் தொற்றுநோய்ப் பரவல் வரை பயன்படுகிறது. ஒரு கேள்வி பதில் பகுதியிலிருந்து பிறந்தது என்பதால் எனக்கு அதன்மீது தனிப் பற்று உண்டு.

அண்மைக் காலத்தில் மரபணு ஆய்வும் இதற்குத் துணை வந்திருக்கிறது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோமை லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, ஸ்மித் என்ற பெயருடையவர்களிடையே பொதுவான வழி எதுவும் தென்படவில்லை; அட்டன்பரோ போன்ற அரிய பெயரினரில் பெரும்பாலோர் ஒரே முன்னோர் வழியில் வந்தவர்களாக இருந்தனர்.

மலாயாவுக்கு இப்பெயரைக் கொண்டுவந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் 1850இல் பிறந்தது செஷயரில் அன்று; அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டார்பிஷயரின் பெல்ப்பர் நகரில். 1871இல் சிங்கப்பூர் வந்து, 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்ட், அதாவது ஆங்கிலேய அரசின் ஆலோசகர், ஆனார். கோலாலம்பூரில் அத்தாப்பு ஓலைக் குடிசைகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடங்கள் எழ வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதால் பெருகிய செங்கற்சூளைகளே பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பெயர் தந்தன. 1896இல் கூட்டு மலாய் மாநிலங்களின் முதல் ரெசிடெண்ட் ஜெனரல். 1901 முதல் 1904 வரை பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர். கிள்ளான் ஆற்றுக்குள் பெரிய கப்பல்கள் ஏற முடியாததால் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைத்த புதிய துறைமுகம் 1901 செப்டம்பரில் அவர் பெயரால் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியாவில் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாக விழுந்தனர். துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற நிலை வந்தது. கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன், மேற்சொன்ன வாட்சன் அல்லர், சதுப்பு நிலத்தின் நீரை வடித்து, புதரை வெட்டி, கொசுவின் பிறப்பிடத்தையே ஒழித்துக் காப்பாற்றினார். அந்த வடிகால்களை மண்வெட்டியால் வெட்டிய கைகளுக்கு உரியவர்களின் பெயர்கள் எந்தத் தெருவிலும் இல்லை. பேச்சாளர் வியர்வை என்று சொன்னது அந்த அளவில் வீண்பேச்சு அன்று.

1972இல் அது கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. சுவெட்டன்ஹாம் நாட்டை விட்டுப் போய், 96 வயதில் 1946இல் இறந்தார். இந்த அரிய பெயர் இப்போது நம் பினாங்கில், அறுபது அடி மணிக்கூண்டுக்கு எதிரே, உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் ஜெட்டியில் மட்டும் பெரிய எழுத்தில் நிற்கிறது. பாட்டியை ஒருநாள் அங்கே அழைத்துச் சென்று பெயர்ப்பலகையை அவர் வாயால் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பினாங்குத் தெருக்களில் உள்ள மற்ற வெள்ளைக்காரப் பெயர்களும் ஊர்ப் பெயர்கள்தாமா? (வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: சில மட்டும். கர்னி டிரைவில் உள்ள கர்னி, பிரான்சின் நார்மண்டியில் உள்ள கூர்னே என்னும் ஊர். 1066க்குப் பின் கடல் கடந்தது. வெல்ட் கீயில் உள்ள வெல்ட், காட்டைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஃபார்குவார் தெருவின் பெயர் ஆங்கிலமே அன்று. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'அன்புக்குரியவன்' என்று பொருள்படும் ஆட்பெயர். தைப்பிங் மலைக்கு முன்பு இருந்த மேக்ஸ்வெல் என்ற பெயரோ ட்வீட் ஆற்றில் மேக்கஸ் என்பவருக்கு உரியதாக இருந்த ஒரு மடுவின் பெயர்.

கேள்வி: என் மகன் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறான். 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பாமல் இணையப் படிவம் நகர மறுக்கிறது. நமக்கு மட்டும் ஏன் அப்படியொரு பெயர் இல்லை? அது ஒரு குறைதானா? (வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: குறை என்று ஒரு கணமும் எண்ண வேண்டா, அம்மா. ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்கள் நான்கு வகைக்குள் அடங்கும் என்பர்: ஊர், தொழில், தந்தை பெயர், ஆளின் தோற்றமோ இயல்போ காட்டும் அடைபெயர். இந்த நான்கும் சங்கப் புலவர்களின் பெயர்களில் இருக்கின்றன. 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்ற ஒரே பெயரில் ஊர் இருக்கிறது, ஆசிரியர் என்ற தொழில் இருக்கிறது, இன்னார் மகன் என்பதும் இருக்கிறது. 'மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்' துணி வணிகர். ஆங்கிலேயரில் 'டிரேப்பர்' என்ற குடும்பப் பெயருக்கும் அதே பொருள். 'உறையூர் ஏணிச்சேரி முடமோசியார்' ஊரோடு சேரியையும் உடற்குறையையும் சேர்த்துச் சொல்கிறது. வேறுபாடு ஒன்றுதான். அவர்களுடைய பெயர் ஒரு தலைமுறையில் உறைந்து நின்றது. இன்றைய பேக்கர் ரொட்டி சுடுவதில்லை, இன்றைய ஜான்சனின் தந்தை ஜான் அல்லர். நம்முடையது தலைமுறைதோறும் புதிதாக, உண்மையாகவே மகனையும் தந்தையையும் இணைத்துச் சொல்கிறது. நம் அடையாள அட்டையில் உள்ள 'ஏ/எல்', 'ஏ/பி' என்னும் குறிகள் 'அனாக் லெலாகி', 'அனாக் பெரெம்புவான்' என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம். மகன், மகள் என்பதே பொருள். கணக்காயனார் 'மகனார்' என்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

நடைமுறைக்கு வருவோம். கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதுவதே பெரும்பாலோர் வழக்கம். எதை எழுதினாலும் கடப்பிதழில் உள்ள எழுத்துகளில் ஒன்றையும் மாற்றாமல், எல்லாப் படிவங்களிலும் ஒரே முறையில் எழுதச் சொல்லுங்கள்; பின்னர் சான்றிதழில் ஒரு பெயரும் விசாவில் ஒரு பெயரும் என்ற இடர்ப்பாடு வராது. அங்கே போனபின் வகுப்பில் உங்கள் கணவரின் பெயரைச் சொல்லி அவனை அழைப்பார்கள். முதல் சில நாள் திரும்பிப் பார்க்கமாட்டான், பிறகு பழகிவிடும்.

பழைய தமிழ் வழக்கில் முதலில் நின்ற ஊர்ப் பெயரை மட்டும் நாம் இந்நாட்டில் விட்டுவிட்டோம் என்பதே எனக்கு உள்ள வருத்தம். உ.வே. சாமிநாதையர் பெயரில் உள்ள 'உ' உத்தமதானபுரம் என்ற ஊர். நம்மில் எத்தனை வீடுகளில் அந்த முதலெழுத்து இன்னது என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள்?

பட்டர்வொர்த் வாசகருக்கு மேலும் ஒரு செய்தி. உங்கள் நகலில் முத்திரைக்குக் கீழே 'கிராமம்' என்ற இடத்தில் கையெழுத்தில் ஏதோ எழுதியிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முன்பாதி நகலில் விழவில்லை, இறுதியில் 'குடி' என்பது மட்டும் தெரிகிறது. ஆலங்குடியா, மன்னார்குடியா, காரைக்குடியா என்று என்னால் கூற இயலவில்லை. மூலச் சீட்டை வெயில் படாத பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அதற்கு முன் பாட்டியிடம் கேளுங்கள். அவர் எப்படி ஒலிக்கிறாரோ அப்படியே எழுதி அனுப்புங்கள்.